சிவப்புத் தகடு

மார்ச் 3, திங்கள்

டவர் லாக் புத்தகத்தில் இனி நான் எழுதக் கூடாதாம். ஆகவே இந்த நோட்டு. லாக் புத்தகத்தின் விதிதான் இதற்கும் விதி. நடந்ததை நேரத்தோடு எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். முப்பத்தோரு வருஷ சர்வீசில் நான் கோடு போட்ட இடங்கள் ஐந்து இருக்காது.

என் பெயர் ஞானதுரை. வயது 58. விமான நிலையத் தீயணைப்பு வண்டியில் குழாய் பிடிக்கச் சேர்ந்தவன். தபாலில் பட்டம் படித்தேன். ரேடியோவில் விமானிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பழகினேன். இலாகாத் தேர்வு எழுதி டவருக்கு ஏறினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக விமானங்களை ஏற்றி இறக்குகிறேன். ஒரு கீறல் கிடையாது.

பிப்ரவரி 19. காலை 10.42. ரன்வேயில் மயில்கள் வந்துவிட்டன. பறவை விரட்டும் ஜீப்பை ஓட்டும் முக்கையா உள்ளே போக அனுமதி கேட்டார். கொடுத்தேன். உடனே எங்கள் மேஜையில் ரன்வேக்கு உரிய தடத்தில் சிவப்புத் தகட்டை வைத்தேன். அது அங்கே இருக்கும்வரை எந்த விமானத்துக்கும் இறங்க அனுமதி கிடையாது. ஜீப் வெளியே வந்துவிட்டதாகச் சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். 10.46-க்குச் சங்கவி வந்து என்னை விடுவித்தாள். டவரில் ஐந்து மாதமாக இருக்கிற பெண். நான் தேநீர் குடிக்க இறங்கினேன். 10.49-க்கு எழுபது பேர் இருந்த விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்திருக்கிறாள். ஜீப் அப்போதும் உள்ளேதான் இருந்தது. வெயில் கூச்சத்தில் அவளுக்குத் தெரியவில்லை. விமானிக்குத் தெரிந்தது, இறங்காமல் விமானத்தைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டார். முக்கையா ஜீப்பிலிருந்து குதித்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

தகடு மேஜையில் இல்லை, டிராயரில் இருந்தது என்கிறார்கள். நான் வைத்தேன். அவள் எடுத்திருக்கிறாள். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

எங்கள் இருவரையும் டூட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இருவருக்கும் மனத்தகுதித் தேர்வு. முதல் தடவை நான் மூன்று புள்ளியில் தவறிவிட்டேன். மறுதேர்வு ஏப்ரல் 15.

மார்ச் 5, புதன்

லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், தொடக்கம். என் மனைவி ஜெயசீலி காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். தண்ணீர் மோட்டார் போட்டேன். முருங்கைக்கீரை உருவி வைத்தேன்.

அந்தத் தேர்வைப் பற்றி எழுதி வைக்கிறேன், பின்னால் புகார் எழுதும்போது உதவும். தலையில் ஹெட்போன். இடது காதில் எண்கள், வலது காதில் எழுத்துகள். திரையில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு புள்ளி மோதும் என்று தெரிந்தால் ஒரு பொத்தான். இரட்டைப்படை எண் கேட்டால் வேறு பொத்தான். நடுவில் விளக்கு எரிந்தால் காலால் மிதிக்க வேண்டும். நான் என்ன ஆர்மோனியமா வாசிக்கிறேன்?

பிறகு இருநூற்று நாற்பது வாக்கியங்கள். ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். ‘சில சமயம் என் நினைவையே நான் சந்தேகிப்பதுண்டு.’ இல்லை. ‘செய்துவிட்டதாக நினைத்த வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறேன்.’ இல்லை. இப்படியே போனது.

டாக்டர் வைதேகி என்று ஒரு பெண். என் மகள் வயதுகூட இருக்காது. தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“எதுக்குமே கொஞ்சம்கூடத் தயங்கலையே சார். ஒரு தடவைகூட உங்க ஞாபகம் உங்களை ஏமாத்தினதில்லையா?”

“ஏமாத்துனா அங்க உட்கார முடியாது மேடம்.”

“அன்னைக்கு நீங்க எழுந்திருக்கும்போது தகடு மேஜையில இருந்ததைப் பார்த்தீங்களா? இல்ல, வழக்கமா இருக்கும்கிறதுதான் ஞாபகம் இருக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். இந்தத் தேர்வு தவறு. ஒருநாள்கூட மைக் பிடிக்காதவர்கள் மைக் பிடிக்கத் தகுதியானவர் யார் என்று சொல்லும் தேர்வு வேறு எப்படி இருக்கும்?

மார்ச் 9, ஞாயிறு

என் தகட்டைக் காணவில்லை. மேஜை டிராயர், பீரோ, ஸ்கூட்டர் பெட்டி எல்லாம் பார்த்துவிட்டேன்.

அலுவலகம் கொடுத்த தகடு காகிதம் மாதிரி மெலிசு. ஏசி காற்றுக்கே நகரும். ஆகையால் இருபது வருஷத்துக்கு முன்பு உடைந்த சிவப்பு வாளியை அறுத்து நானே ஒன்று செய்துகொண்டேன். ஓரத்தை உரசி வழவழப்பாக்கி, பின்பக்கம் ஊசியால் ‘ஞா’ என்று கீறியிருக்கிறேன். சீட்டில் உட்கார்ந்தால் அதைத்தான் வைப்பேன். எழுந்தால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ரன்வேயில் வண்டி இருக்கும்போது ஆள் மாறினால், வருகிறவர் அலுவலகத் தகட்டை வைத்த பிறகு என்னுடையதை எடுப்பேன். இது எங்கள் டவரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

பிப்ரவரி 19 அன்று என் தகடு வீட்டில் இருந்தது. அதனால்தான் அலுவலகத் தகட்டை வைத்தேன். வீட்டில் இருந்தது என்பதைக் காட்ட இப்போது அது வேண்டும்.

“என்ன தேடுதிய?” என்றாள் ஜெயசீலி.

“என் தகடு. நீ எங்கயாவது எடுத்து வச்சியாட்டி?”

“அடுப்புல இட்லி வெந்துட்டுருக்கு” என்று உள்ளே போய்விட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவள் குடும்பத்திலேயே கிடையாது.

மார்ச் 14, வெள்ளி

முக்கையாவைப் பார்க்கப் போனேன். கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். ஒற்றைக் கையால் உரிக்க முடியாது என்று அங்கே போன பிறகுதான் தோன்றியது. நானே உரித்துக் கொடுத்தேன்.

“மயிலுக்கு வெடி போடப் போனேன் அண்ணாச்சி. எனக்கே வெடி வச்சிட்டாவ.”

“நான் வச்ச தகட்டை அந்தப் பிள்ளை எடுத்துட்டா முக்கையா.”

“அவ வந்திருந்தா அண்ணாச்சி. கால்ல விழப் பாத்தா. ஒரே அழுகை. என்ன நடந்துதுன்னே தெரியலங்கா.” கொஞ்ச நேரம் சுளையை மென்றார். “நீங்க ஒருநாளும் தப்பு பண்ண மாட்டிய. அது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பிள்ள அழுத அழுகை பொய் இல்ல அண்ணாச்சி.”

அழுகிறவர்கள் எல்லாம் நிரபராதி என்றால் கோர்ட்டு எதற்கு?

மார்ச் 15, சனி

மறுதேர்வுக்கு வீட்டில் காலைப் பயிற்சி: 31 தவறு.

மார்ச் 22, சனி

பயிற்சி முறையை நானே அமைத்துவிட்டேன். இடது பக்கம் ரேடியோச் செய்தி. வலது பக்கம் ஜெயசீலி எண்களை வாசிப்பாள். எதிரே தெருவில் போகும் வண்டிகளில் வெள்ளை நிறத்தை மட்டும் எண்ணுவேன். இரட்டைப்படைக்கு மேஜையில் தட்டுவேன். தினமும் இரண்டு மணி நேரம்.

ஜெயசீலி ஒழுங்காக வாசிப்பதில்லை. ஒரு நேரம் இழுக்கிறாள், ஒரு நேரம் விரட்டுகிறாள். இன்று எண்களுக்கு நடுவில், அதே குரலில், “நாப்பத்தாறு, எம்பத்தொண்ணு, பெயிலானா என்ன, பதினாலு” என்றாள்.

தட்டிய கை நின்றுவிட்டது.

“என்ன சொன்ன?”

“பெயிலானா என்னன்னு கேட்டேன். ரிட்டையராகுததுக்குப் பத்தொம்பது மாசம் முன்னாடியே வீட்டுக்கு வந்ததா இருக்கட்டும். மக வீட்டுக்குப் போயி இருப்போம்.”

“கீறல் இல்லாம போகணும்டீ எனக்கு.”

அவள் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். ரேடியோவுக்கு நான் மட்டும் பதில் தட்டினேன். தவறு 12.

மார்ச் 28, வெள்ளி

ஜெயசீலி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது பயறு வேகப் போட்டுவிட்டு, பத்து நிமிஷத்தில் அணைக்கச் சொன்னாள். மறக்காமல் இருக்க, எண்ணெய் டப்பாவின் சிவப்பு மூடியை எடுத்து அடுப்புத் திண்டில் நடுவாக வைத்தேன். டவரில் தகடு வைக்கும் அதே முறை. பிறகு வாசலில் இஸ்திரி வண்டிக்காரர் கூப்பிட்டார். துணியைக் கொடுத்து, அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

கருகிய வாடை தெருவுக்கு வந்துவிட்டது. பாத்திரம் ஓட்டை விழும் அளவுக்குக் காய்ந்திருந்தது. ஜெயசீலி வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, “மறந்துட்டியளா?” என்றாள்.

“மறக்காம இருக்க மூடி வச்சேன். இந்த இடத்துல.”

அங்கே இல்லை. சட்டைப் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள்தான் எனக்குத் தெரியாமல் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவள் வீட்டிலேயே இல்லை.

பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

மார்ச் 31, திங்கள்

விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட நிலையத் தலைவர் கோதண்டராமன் கூப்பிட்டிருந்தார். என் வாக்குமூலத்தை இன்னொரு தடவை வாசித்துக் காட்டினார்.

“மாத்த எதாவது இருக்கா ஞானதுரை சார்? யோசிச்சுக்குங்க. அந்தப் பொண்ணு ‘எடுத்ததா ஞாபகம் இல்ல, எடுக்கலன்னும் சொல்ல முடியல’ன்னு எழுதிக் கொடுத்திருக்கு. நீங்க சொல்றதுதான் நிக்கும்.”

“மாத்த ஒண்ணும் இல்ல.”

பேனா எழுதவில்லை. இரண்டு தடவை உதறி எழுதினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சங்கவி வந்தாள். கோயிலிலிருந்து நாங்கள் திரும்பியபோது வாசல் படியில் நின்றுகொண்டிருந்தாள். ஈரோடு பக்கத்துப் பெண். நன்றாக மெலிந்துவிட்டாள். ஜெயசீலி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் காப்பி கொடுத்தாள். எனக்குக் கொடுக்க மறந்துவிட்டாள்.

“சண்டைக்கு வரலீங்க சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நான் சீட்டுல உட்காரும்போது தகடு இருந்துதுங்களா?”

“இருந்தது.”

“நீங்க பாத்தீங்களா சார்?”

“நான் வச்சேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “மொதல்ல நான் எடுக்கவே இல்லைன்னு தோணுச்சுங்க சார். நீங்க இத்தன வருஷம் இருக்கறவரு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தினமும் அதையே நெனச்சுப் பாத்தேன். இப்பக் கண்ண மூடுனா என் கை தகட்டை எடுக்கறது தெரியுதுங்க. டிராயரை இழுக்கறதுகூடத் தெரியுது. அதனால நான் எடுத்ததாவே எழுதிக் கொடுத்துட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க பொய் சொல்றதா நான் யாருகிட்டயும் சொல்லலீங்க சார்.”

நான் சரி என்றேன். ஜெயசீலி காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சங்கவி ஒப்புக்கொண்டாள். நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 12, சனி

தவறு 2.

ஏப்ரல் 15, செவ்வாய்

சென்னை. அதே அறை, அதே ஹெட்போன், அதே புள்ளிகள். ஒரு மாதமாகத் தட்டிய கை தானாகத் தட்டியது. ஒரு கட்டத்தில் கை எங்கே போகிறது என்று நான் கவனிக்கவே இல்லை. அது சரியாகவே போனது.

வாக்கியங்களுக்கு முன்பு குறித்ததையே குறித்தேன். ‘செய்துவிட்டதாக நினைத்த வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறேன்.’ பயறு நினைவுக்கு வந்தது. இல்லை என்று குறித்தேன். பயறு டவரில் வேகவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கோதண்டராமன் போன் செய்தார். தேர்ச்சி. வேண்டிய அளவுக்கு மேல் பதினொரு புள்ளி. மனநிலை அறிக்கையில், ‘உறுதி, நிதானம், தன் நினைவிலும் முடிவிலும் முழு நம்பிக்கை’ என்று எழுதியிருக்கிறார்களாம். 28-ஆம் தேதி காலை டூட்டி.

சங்கவி புள்ளிகளிலும் எண்களிலும் எல்லோரையும்விட அதிகம் எடுத்திருக்கிறாள். ஆனால், ‘தன் நினைவில் நம்பிக்கை இல்லை, முடிவெடுக்கத் தயங்குவார், கட்டுப்பாட்டுப் பணிக்குத் தகுதியற்றவர்’ என்று வந்துவிட்டது. வேறு மாநிலத்தில் ஸ்டோர் பிரிவுக்கு மாற்றல். அவள் போகவில்லை, ராஜினாமா கொடுத்துவிட்டாள்.

ஜெயசீலியிடம் தேர்ச்சி என்று சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முடிந்து வந்து கஞ்சி குடித்தோம். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்த இடத்தில் ஜெயசீலி என் தகட்டை வைத்தாள்.

வாளிச் சிவப்பு. பின்பக்கம் ‘ஞா’.

“எங்க இருந்துது?”

“பிப்ரவரி பத்தொம்போது, நீங்க டூட்டிய விட்டு வந்த சட்டையை நனைக்க எடுத்தேன். பையில கெடந்துது.”

“அன்னைக்கு அது வீட்டுல இருந்தது.”

“இல்ல. காலையில பையில போட்டுக்கிட்டுப் போனிய. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

தகட்டைக் கையில் எடுத்தேன்.

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“வந்த உடனே ‘அந்தப் பிள்ளை எடுத்துட்டா’ன்னு சொன்னிய. முகத்தைப் பாத்தேன். பொய் சொல்லுத முகமா இருந்தா சண்டை போட்டிருப்பேன். நம்புத முகமா இருந்துது. பயந்துட்டேன். பெயிலாயிருவிய, வீட்டோட இருப்பிய, சொல்ல வேண்டியே வராதுன்னு நெனச்சேன். நீங்க பாஸாயிட்டிய. திரும்ப அங்க போயி உட்காரப் போறிய. எழுவது பேரு, எம்பது பேரு வாற பிளேனு. அந்தப் பிள்ள வந்து நின்ன அன்னைக்கே சொல்லியிருக்கணும். நானும் பாவிதான்.”

ஏப்ரல் 19, சனி

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சீட்டிலிருந்து எழுந்திருக்கும்போது என் தகட்டை எடுத்துப் பையில் போடுவது என் வழக்கம். இருபது வருஷம். எடுக்கிறேன் என்று கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சங்கவி அலுவலகத் தகட்டை வைக்கும்வரை நான் நிற்கவில்லை. அலுவலகத் தகடு அன்று டிராயரை விட்டு வெளியே வரவே இல்லை. இதை எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது.

தகட்டை எடுத்துக்கொண்டு கோதண்டராமன் அறைக்குப் போனேன். முழுவதும் கேட்டார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சார், இது நீங்க வீட்டுல அறுத்த வாளி. இதைச் சாட்சின்னு நான் எங்க கொண்டு போறது? அந்தப் பொண்ணே எழுதிக் கொடுத்திருச்சு. விசாரணை முடிஞ்சு மேலிடம் கையெழுத்துப் போட்டாச்சு. ராஜினாமாவையும் ஏத்துக்கிட்டாச்சு. நீங்க பாஸ் ஆயிட்டீங்க. உங்க மேல குற்றம்னு சொல்றதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

“நான் போதாதா?”

“டென்ஷன்ல இருக்கீங்க. ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க.”

ஏப்ரல் 22, செவ்வாய்

சங்கவிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் வேலையில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னேன்.

சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“இப்ப நீங்க இப்படிச் சொல்றீங்க. எனக்கு என் கை எடுக்கறது இன்னமும் தெரியுதுங்களே சார். இல்லாததையே நான் பாக்கறேன்னா, நான் எந்தச் சீட்டுல போயி உட்கார்றது? அந்த டாக்டரம்மா சரியாத்தான் எழுதியிருக்காங்க. விடுங்க சார்.”

வைத்துவிட்டாள். மறுபடி போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

‘ஐயா, தங்கள் மனத்தகுதித் தேர்வு தவறானது என்பதற்குச் சான்று இத்துடன் இணைத்துள்ளேன் (சிவப்புத் தகடு ஒன்றின் புகைப்படம்). சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் சந்தேகப்படாதவனை அது தேர்ந்தெடுத்திருக்கிறது. சந்தேகப்படத் தெரிந்த பெண்ணைத் தள்ளியிருக்கிறது. என் தேர்ச்சியை ரத்து செய்யுமாறும், பிப்ரவரி 19 விசாரணையை மீண்டும் திறக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் நினைவைப் பற்றி நானே தரும் இந்த வாக்குமூலத்தை நம்பலாமா என்று தாங்கள் கேட்டால், தகட்டைப் பாருங்கள், என்னைப் பார்க்க வேண்டாம்.’

ஏப்ரல் 26, சனி

பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அவர்களிடமிருந்து எதற்கும் பதில் வந்ததில்லை. தேர்ச்சி பெறாதவர்கள் மட்டுமே மேல்முறையீடு செய்ய விதியில் இடம் உண்டு. முடிந்த விசாரணையைத் திறக்க முகாந்திரம் இல்லை. திட்டமிட்டபடி 28-ஆம் தேதி பணியில் சேரவும்.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று மாத நோட்டீஸ் வேண்டுமாம். அதுவரை மருத்துவ விடுப்பு. காரணம் என்ற கட்டத்தில், ‘நல்ல உடல்நிலை. நம்பத் தகாத கை’ என்று எழுதினேன். கிளார்க் அதை அடித்துவிட்டு ‘முதுகு வலி’ என்று எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

டூட்டிக்குப் போகவில்லை.

மார்ச் 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். ‘அவள் எடுத்திருக்கிறாள்’ என்பதற்கு ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, காலை 10.20. மார்ச் 9-இல் என் தகடு வீட்டில் இருந்தது என்று எழுதியதற்கும் அப்படியே. ‘நான் வைத்தேன்’ என்பதை அடிக்கவில்லை. வைத்தது உண்மை. மார்ச் 5-இல் தேர்வு தவறு என்று எழுதியிருக்கிறேன். அதையும் அடிக்கவில்லை. இந்தத் திருத்தத்தை நானும் ஜெயசீலியும் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. லாக் புத்தகமாக இருந்தால் ஐந்து வருஷமாவது பத்திரப்படுத்துவார்கள்.

ஜெயசீலி அடுப்பில் பால் வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போயிருக்கிறாள். போகும்போது தகட்டை எடுத்து அடுப்புத் திண்டில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாற்காலியை அடுப்பு ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

10.49. தலைக்கு மேலே விமானம் இறங்குகிறது. சத்தம் சீராகத்தான் இருக்கிறது. வேறு யாரோ இறக்குகிறார்கள்.

வாசலில் இஸ்திரி வண்டிக்காரர் கூப்பிடுகிறார். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ஜெயசீலி இறங்கி வந்து அவள் கையால் அடுப்பை அணைக்கும்வரை நான் எழுந்திருக்கப் போவதில்லை.